அடிபட்ட கப்பலை மற்றவர்கள் ஏன் நின்று காப்பாற்றவில்லை?

அடுத்த கேள்வி. ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "இரண்டாம் உலகப் போரில் சரக்குக் கப்பல்கள் கான்வாயாகக் கூட்டமாகத்தானே போயின, அப்படியிருந்தும் ஒரு கப்பல் மூழ்கும்போது பக்கத்துக் கப்பல்காரன் பார்த்துக்கொண்டே போய்விடுவானா, இது என்ன மனிதத்தன்மை?" கோபமாகத்தான் கேட்டிருக்கிறார். நியாயமான கோபம்.

உண்மைதான் தம்பி, நிற்கக் கூடாது என்பதுதான் உத்தரவு. கான்வாயில் கப்பல்கள் வரிசை வரிசையாகப் போகும், ஒன்றுக்குப் பின்னால் ஒன்று, நடுவில் நானூறு மீட்டர்கூட இருக்காது. சரக்கு ஏற்றிய கப்பலுக்கு லாரி மாதிரி பிரேக் கிடையாது, எஞ்சினை நிறுத்தினாலும் வெகுதூரம் தானாகவே ஓடும். நடுவில் ஒருவன் நின்றால் பின்னால் வருகிறவன் அவன் மேலேயே ஏறிவிடுவான். அப்படியே நின்றுவிட்டாலும், அசையாமல் நிற்கும் கப்பலைவிட நீர்மூழ்கிக்குச் சுலபமான இலக்கு வேறு என்ன இருக்கிறது? ஒருவனைக் காப்பாற்றப் போய் நாற்பது பேர் சாக வேண்டிவரும். இதனால்தான் 1941 தொடக்கத்திலிருந்து கான்வாயின் கடைசியில் தனியாக மீட்புக் கப்பல் என்றே ஒன்றைச் சேர்க்க ஆரம்பித்தார்கள். போர் முடிவதற்குள் அந்தக் கப்பல்கள் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் காப்பாற்றின.

ஆனால் அதற்கு முன்பே உத்தரவை மீறித் திரும்பிப் போன ஒரு சரக்குக் கப்பல் உண்டு. ஸ்டூரேஹோம் என்று பெயர், ஸ்வீடன் கப்பல். ஸ்வீடன் அந்தப் போரில் நடுநிலை நாடு, அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1940 அக்டோபர் 28 அன்று கனடாவின் ஹாலிஃபாக்ஸிலிருந்து எச்.எக்ஸ். 84 என்ற கான்வாய் இங்கிலாந்துக்குக் கிளம்பியது. மொத்தம் 38 கப்பல்கள், நடு அட்லாண்டிக்கில் அத்தனைக்கும் சேர்த்து ஒரே ஒரு காவல் கப்பல், ஜெர்விஸ் பே. அதுவும் பிறவிப் போர்க்கப்பல் இல்லை, ஆஸ்திரேலியாவுக்குப் பயணிகளை ஏற்றிப் போய்க்கொண்டிருந்த கப்பலில் ஏழு பழைய ஆறு அங்குல பீரங்கிகளை வைத்து அனுப்பியிருந்தார்கள். நவம்பர் 5, சாயங்காலம், அட்மிரல் ஷேர் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் வந்துவிட்டது. அதன் பீரங்கி வாயின் அகலம் 28 சென்டிமீட்டர், அதாவது சுமார் பதினோரு அங்குலம். ஜெர்விஸ் பேயின் குண்டு அவ்வளவு தூரம் போய் விழக்கூட விழாது. தெரிந்தும் அதன் கேப்டன் ஃபீகன் கான்வாயைச் சிதறி ஓடச் சொல்லிவிட்டு நேராக எதிரியை நோக்கிக் கப்பலைத் திருப்பினார். கிட்டத்தட்ட அரை மணி நேரம் தாங்கினார்கள். அந்த அரை மணி நேரமும், அப்புறம் வந்த இருட்டும்தான் மற்றவர்களைக் காப்பாற்றியது. சரக்குக் கப்பல்களில் ஐந்து போயிற்று, மீதி தப்பியது.

ஸ்டூரேஹோமும் தப்பி ஓடியதுதான். ஆனால் அதன் கேப்டன் ஸ்வென் ஓலாண்டர் மாலுமிகளைக் கூப்பிட்டார். நமக்காகச் சண்டை போட்டவர்கள் தண்ணீரில் கிடக்கிறார்கள், திரும்பிப் போகலாமா என்று கேட்டார். கட்டளையாகச் சொல்லவில்லை, கேட்டார். எனக்கு இந்த இடம்தான் பெரிது. அவர்களிடம் எதிர்த்துச் சுடப் பெரிய பீரங்கி கிடையாது, ஷேர் இன்னும் அந்தப் பக்கத்தில்தான் வேட்டையாடிக்கொண்டிருக்கிறது, ஓடிப்போனால் யாரும் குறை சொல்லப் போவதும் இல்லை. போகலாம் என்றார்கள்.

நவம்பர் மாத வட அட்லாண்டிக், அலை வேறு. விளக்குப் போட்டுத் தேட முடியாது, போட்டால் ஷேருக்கு நாமே வழி காட்டின மாதிரி. அந்த இருட்டில் கப்பலை நிறுத்தி வைத்து, படகிலும் தெப்பத்திலும் குளிரில் விறைத்துக் கிடந்தவர்களைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்றினார்கள். ஜெர்விஸ் பேயில் சுமார் 190 பேர் இறந்தார்கள். 65 பேர் உயிரோடு கரை சேர்ந்தார்கள் என்றால் இந்த ஒரு கப்பலால்தான். இங்கிலாந்துக்குப் போக வேண்டிய கப்பல், அவர்களை ஏற்றிக்கொண்டு ஹாலிஃபாக்ஸுக்கே திரும்பியது.

ஃபீகனுக்கு இறந்தபின் பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் கொடுத்தார்கள், கொடுக்க வேண்டியதுதான். ஸ்டூரேஹோமின் பெயர் மட்டும் பலருக்குத் தெரியாது, அதனால்தான் இவ்வளவு நேரம் சொன்னேன். அது சரக்கோடு மறுபடியும் எச்.எக்ஸ். 92 என்ற கான்வாயில் கிளம்பியது. 1940 டிசம்பர் 12 அன்று யு-96 என்ற ஜெர்மன் நீர்மூழ்கியின் டார்பிடோ அதைத் தாக்கியது. அந்தப் பயணத்தில் கப்பலில் இருந்தவர்களில் ஒருவர்கூட மிஞ்சவில்லை.