ஒரே மாணவன், ஒரே டீச்சர், அவரே ஹெட்மாஸ்டர்! அமெரிக்காவில் ஆன்லைன் பள்ளியும் ஹோம்ஸ்கூல் சட்டமும்

கலிஃபோர்னியாவில் ஒரு அம்மா. மேசையில் லேப்டாப், எதிரில் ஏழு வயதுப் பையன். மாநில அரசின் கணக்கில் அந்த அம்மா ஒரு தனியார் பள்ளியின் நிர்வாகி. கிண்டல் இல்லை, சட்டமே அப்படித்தான். எப்படி என்று சொல்கிறேன், ஸ்கிப் பண்ணிவிடாதீர்கள்.

பின்னணி ஒரே வரியில்: ஹோம்ஸ்கூலிங், அதாவது பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைப்பது, அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் சட்டப்படி செல்லும், விதிகள்தான் மாநிலத்துக்கு மாநிலம் வேறு.

பலரும் சறுக்கும் இடம் இது: "ஆன்லைன் ஸ்கூலில் சேர்த்தாச்சு, இனி எல்லாம் அவர்கள் பாடு." அந்தப் பள்ளிக்குப் பணம் கொடுப்பது யார் என்று முதலில் பாருங்கள். விர்ச்சுவல் சார்ட்டர் பள்ளி, அதாவது அரசுப் பணத்தில் தனி நிர்வாகம் நடத்தும் ஆன்லைன் பள்ளி என்றால், பிள்ளை வீட்டில் பைஜாமாவோடு உட்கார்ந்திருந்தாலும் அரசுப் பள்ளி மாணவன்தான். வருகைப் பதிவு உண்டு, மாநிலத் தேர்வு உண்டு. ஹோம்ஸ்கூல் காகிதம் எதுவும் நீங்கள் கொடுக்க வேண்டாம். நீங்களே ஃபீஸ் கட்டும் தனியார் ஆன்லைன் பள்ளி என்றால் கதை வேறு. பல மாநிலங்களைப் பொறுத்தவரை நீங்கள் வாங்கியது பாடம் மட்டும். பள்ளி நடத்துவது நீங்கள். வெப்சைட்டில் 'அக்ரெடிட்டட்' (தர அங்கீகாரம் பெற்றது) முத்திரை இருக்கிறதே என்பீர்கள். காலேஜ் சேர்க்கைக்கு அது உதவலாம். மாநிலம் கேட்கும் காகிதத்துக்கு அது ஈடாகாது.

சரி, கலிஃபோர்னியாவுக்கு வருவோம். எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. அங்கே ஹோம்ஸ்கூலுக்கென்று தனிச் சட்டமே கிடையாது. அதனால் பல பெற்றோர் வீட்டையே தனியார் பள்ளியாக அறிவித்துவிடுகிறார்கள். ஒவ்வொரு ஆண்டும் அக்டோபர் 1 முதல் 15-க்குள் 'பிரைவேட் ஸ்கூல் அஃபிடவிட்' (தனியார் பள்ளிக்கான உறுதிமொழிப் பத்திரம்) என்ற படிவத்தை ஆன்லைனில் நிரப்ப வேண்டும். பெரிய பள்ளிகள் நிரப்பும் அதே படிவம்! பள்ளியின் பெயர்? நீங்களே வைக்கலாம். ஆண்கள் பள்ளியா, பெண்கள் பள்ளியா, இருபாலரா? இருப்பதே ஒரு பையன்! மாணவர்கள் 1. ஆசிரியர் 1. நிர்வாகியும் அதே ஆள். ஆண்டு விழாவுக்குச் சிறப்பு விருந்தினர் மட்டும்தான் வெளியிலிருந்து வர வேண்டும். ஆனால் இது சத்தியப் பிரமாணம், பொய் எழுதினால் குற்றம். வருகைப் பதிவேடும் நீங்கள்தான் வைத்திருக்க வேண்டும்.

பி.எட். மாதிரி தகுதி வேண்டுமா? வேண்டாம், "கற்பிக்கத் திறனுள்ளவர்" போதும் என்கிறது சட்டம். 2008 பிப்ரவரியில் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் வீட்டில் கற்பிக்கும் பெற்றோருக்கும் ஆசிரியர் சான்றிதழ் வேண்டும் என்று தீர்ப்பளித்து, பெற்றோர் வயிற்றில் புளியைக் கரைத்தது. வழக்கை மறுபடி விசாரித்து, ஆகஸ்டில் அதே நீதிமன்றம் தீர்ப்பை மாற்றியது.

டெக்சாஸ்? 1994-இல் மாநில உச்ச நீதிமன்றமே ஹோம்ஸ்கூலைத் தனியார் பள்ளியாக ஏற்றுக்கொண்டது. வாசிப்பு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், கணக்கு, நல்ல குடிமைப் பண்பு, இந்த ஐந்தும் இருந்தால் போதும். மாநிலத் தேர்வு கிடையாது. நியூயார்க் இதற்கு நேர் எதிர்: முன்னறிவிப்புக் கடிதம், பாடத்திட்டம், வருடத்துக்கு நான்கு அறிக்கை, கடைசியில் மதிப்பீடு. சைக்கிள் பாதுகாப்பும் தீத்தடுப்பும்கூடக் கட்டாயப் பாடம். சிரிக்காதீர்கள், அந்த இரண்டும் எனக்கு நல்ல யோசனையாகத்தான் படுகிறது.

அப்புறம், பிள்ளை ஏற்கெனவே அரசுப் பள்ளியில் இருந்தால் விலகல் கடிதம்தான் முதல் வேலை, ஆன்லைன் ஃபீஸ் அதற்குப் பிறகு. இல்லாவிட்டால் பிள்ளை வீட்டில் அல்ஜீப்ரா போட்டுக்கொண்டிருக்கும், அங்கே ஆப்சென்ட் விழுந்துகொண்டிருக்கும். கடிதத்தின் நகலையும் பத்திரமாக வையுங்கள்.

வேலை மாறி வேறு மாநிலம் போகிறவர்கள், எங்கிருந்து எங்கே என்று கமெண்டில் போடுங்கள். அதிகம் பேர் கேட்கும் மாநிலத்தின் படிவத்தை அடுத்த வீடியோவில் வரி வரியாக நிரப்பிக் காட்டுகிறேன்.