மோனிக் கேட்ட கூலி

அவையோருக்கு வணக்கம்.

மேடையில் தனியாக நின்று ஊரைச் சிரிக்க வைக்கும் ஒரு பெண்ணின் சம்பளத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். அடுத்தவர் சம்பளத்தை விசாரிப்பது நாகரிகமா என்று சிலருக்குத் தோன்றலாம். இது அவரே ஊரறியச் சொன்ன தொகை. சொன்னதால்தான் வம்பே வந்தது.

அவர் பெயர் மோனிக். அமெரிக்காவில் பால்டிமோர் பக்கம் 1967-ல் பிறந்த கறுப்பினப் பெண். தொலைபேசி நிறுவனமொன்றில் வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் வேலை பார்த்தவர். உள்ளூர் காமெடி கிளப்பில் யார் வேண்டுமானாலும் மைக் பிடிக்கலாம் என்றிருந்த ஓர் இரவில், சகோதரர் உசுப்பிவிட்டதால் மேடை ஏறினார். அப்புறம் இறங்கவில்லை. 1999 முதல் 2004 வரை யு.பி.என். தொலைக்காட்சியில் 'தி பார்க்கர்ஸ்' என்ற நகைச்சுவைத் தொடரின் நாயகிகளில் ஒருவர். 2001-ல் இன்னும் மூன்று கறுப்பினப் பெண்களோடு 'குயின்ஸ் ஆஃப் காமெடி' என்ற மேடை நிகழ்ச்சி, அது படமாகவும் வந்தது. அந்த நால்வர் பேசிய பேச்சை நம் சபாக்களில் போட முடியாது, அவ்வளவு காரம்!

2009-ல் 'பிரஷஸ்' படம். பெற்ற மகளையே வதைக்கும் தாயாக நடித்தார். சிரிக்க வைத்தே பிழைத்தவர், திரையில் ஒருவரையும் சிரிக்க விடவில்லை. அதற்கு அவர் வாங்கிய சம்பளம் 50,000 டாலர். அன்றைய கணக்கில் நம் பணத்துக்கு 25 லட்சம் ரூபாய்க்குப் பக்கத்தில். படம் உலகம் முழுக்க 6 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது.

விருது நேரம் வந்தது. ஹாலிவுட்டில் ஆஸ்கருக்கு முன்னால் நடிகர்கள் ஊர் ஊராகப் போய், விருந்துகளில் கைகுலுக்கி, பேட்டி கொடுத்துப் படத்தைப் பேச வைக்க வேண்டும். ஏறத்தாழ ஓட்டுக் கேட்கும் வேலைதான். மோனிக் மறுத்துவிட்டார். நடிக்க ஒப்புக்கொண்டேன், நடித்தேன், இந்த வேலைக்குக் கூலி எங்கே என்று கேட்டார். திமிர் என்றார்கள். ஆனாலும் 2010 மார்ச்சில் சிறந்த துணை நடிகைக்கான ஆஸ்கர் அவர் கைக்கே வந்தது. மேடையில் ஹாட்டி மெக்டேனியலுக்கு நன்றி சொன்னார். 1940-ல் ஆஸ்கர் வாங்கிய முதல் கறுப்பினக் கலைஞர் அவர். விருது கொடுத்த அதே இரவில் அவரைச் சக நடிகர்களோடு உட்கார விடாமல், ஓரத்தில் தனி மேசை போட்டிருந்தார்கள்.

ஆஸ்கர் வாங்கினால் சம்பளம் ஏறும் என்பதுதானே வழக்கம்? இவருக்கு வாய்ப்புகள் வற்றின. 'பிரஷஸ்' இயக்குநர் லீ டேனியல்ஸ் தன்னை அழைத்து, "உன்னை ஒதுக்கிவைத்துவிட்டார்கள்" என்று சொன்னதாக 2015-ல் மோனிக் வெளியே சொன்னார்.

இனிதான் முக்கியமான கட்டம். 2018 ஜனவரியில் இன்ஸ்டாகிராமில் ஒரு காணொளி போட்டார். ஒரு மணி நேர ஸ்டாண்ட்-அப் நிகழ்ச்சிக்கு நெட்ஃபிளிக்ஸ் தனக்கு 5 லட்சம் டாலர் தருவதாகச் சொன்னது என்றார். மூன்று கோடி ரூபாய்க்கு மேல். கசக்குமா என்று நாம் கேட்போம். பக்கத்து இலையையும் பார்க்க வேண்டும். கறுப்பின ஆண் நகைச்சுவைக் கலைஞர்களான கிறிஸ் ராக், டேவ் சாப்பெல் இருவருக்கும் ஒரு நிகழ்ச்சிக்கு 2 கோடி டாலர் என்று செய்தி வந்திருந்தது. வெள்ளையினப் பெண்ணான ஆமி ஷூமருக்கு முதலில் 1.1 கோடி, ஆண்களின் தொகை தெரிந்ததும் அவர் திரும்பப் போய்க் கேட்டு அதை 1.3 கோடியாக்கினார் என்பதும் பத்திரிகைகளில் வந்தது. மோனிக்குக்குச் சொன்னது அதில் 26-ல் ஒரு பங்கு.

ஏன் இந்த வித்தியாசம் என்று கேட்டபோது, ஷூமர் நியூயார்க்கின் பெரிய அரங்கமான மேடிசன் ஸ்கொயர் கார்டனை இரண்டு முறை நிரப்பியவர், அண்மையில் பெரிய படம் ஒன்றில் நடித்தவர் என்று பதில் வந்ததாம். அப்படியானால் என் ஆஸ்கர், என் இத்தனை வருட அனுபவம் என்று கேட்டால், பழைய சாதனைகளை வைத்து விலை போடுவதில்லை என்றார்களாம். இது மோனிக் தரப்புச் சொல். நியாயமாகப் பேசினால், அந்த நிறுவனத்தின் கணக்கிலும் ஒரு பொருள் உண்டு. இன்று எத்தனை பேர் உட்கார்ந்து பார்ப்பார்கள் என்பதுதான் வியாபாரிக்கு விலை. ஆனால் பல வருடமாக வாய்ப்புகளைக் குறைத்துவிட்டு, "அண்மையில் என்ன செய்தாய்?" என்று கேட்டால் ஒருவர் என்ன பதில் சொல்வார்?

காணொளியின் கடைசியில் நெட்ஃபிளிக்ஸைப் புறக்கணியுங்கள் என்றார். அதற்காகச் சக கலைஞர்களே அவரைக் கேலி செய்தார்கள். நகைச்சுவைக் கலைஞர் வாண்டா சைக்ஸ் வெளிப்படையாக நன்றி சொன்னார்: தனக்கு நெட்ஃபிளிக்ஸ் சொன்னது மோனிக்கின் தொகையில் பாதிகூட இல்லை, அதனால் வேறு இடத்துக்குப் போய்விட்டேன் என்றார். மறு வருடம் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஸ்டீவ் ஹார்வி தன் நிகழ்ச்சியில் மோனிக்கை உட்கார வைத்து, இது கறுப்பர் ஆட்டமும் இல்லை, வெள்ளையர் ஆட்டமும் இல்லை, பண ஆட்டம் என்று பாடம் எடுத்தார். பணம் சேர்த்த பிறகு அப்படிப் பேசுவது சுலபம் என்பது என் எண்ணம்.

2019 நவம்பரில், இனத்தையும் பாலினத்தையும் வைத்துப் பாகுபாடு காட்டியதாக நெட்ஃபிளிக்ஸ் மீது மோனிக் வழக்குப் போட்டார். குறைந்த தொகை சொன்னது மட்டும் அல்ல அங்கே குற்றச்சாட்டு. கத்தரிக்காய் வாங்கப் போனாலும் கடைக்காரர் ஒன்று சொல்வார், நாம் ஒன்று கேட்போம், நடுவில் எங்கேயோ முடியும். மற்றவர்களோடு அப்படிப் பேரம் பேசியவர்கள் என்னிடம் அடிமாட்டு விலை சொல்லி அங்கேயே நின்றுவிட்டார்கள் என்பதுதான் அவர் வாதம். பேரம் பேசாதது பாகுபாடாகாது, வழக்கைத் தள்ளுபடி செய்யுங்கள் என்றது நெட்ஃபிளிக்ஸ். 2020 ஜூலையில் நீதிபதி ஆந்த்ரே பிரோட் அதை ஏற்கவில்லை, வழக்கு நடக்கலாம் என்றார். சம்பளம் பேசப் போகும் பிள்ளைகள், குறிப்பாகப் பெண் பிள்ளைகள், இந்த உத்தரவைத் தேடிப் படியுங்கள். முதலில் சொல்லும் எண் எவ்வளவு தூரம் கடைசி எண்ணைத் தீர்மானிக்கிறது என்பது தெரியும்.

2022 ஜூனில் சமரசம் ஆனது. எவ்வளவுக்கு என்று வெளியே சொல்லவில்லை. இன்னாருடைய சொத்து மதிப்பு இத்தனை கோடி என்று இணையத்தில் வரும் பட்டியல்களை, தயவுசெய்து, இந்த இடத்தில் எடுத்துக்கொண்டு வராதீர்கள். அவற்றில் பெரும்பாலானவை குத்துமதிப்பு.

இதைச் சுற்றி நடந்ததுதான் வேடிக்கை. சமரசத்துக்கு முன்பே, 2022 ஏப்ரலில், லீ டேனியல்ஸ் மோனிக்கின் நிகழ்ச்சி மேடையிலேயே ஏறி மன்னிப்புக் கேட்டார். 2023 ஏப்ரலில் மோனிக்கின் ஸ்டாண்ட்-அப் நிகழ்ச்சி வெளியானது, அதே நெட்ஃபிளிக்ஸில். 2024-ல் டேனியல்ஸ் இயக்கிய படமொன்றில் நடித்தார், அதுவும் அங்கேதான் வந்தது. சரி, சமாதானமாகிவிட்டார் போல என்று நினைப்பீர்கள். நிகழ்ச்சி வெளியான அதே 2023 ஏப்ரலில் இன்னொரு வழக்குப் போட்டார். 'தி பார்க்கர்ஸ்' தொடரின் லாபத்தில் தனக்குச் சேர வேண்டிய பங்கு எங்கே என்று.