தாமஸ் கென்னடியும் இரண்டு முறை நிறைவேற வேண்டிய சட்டமும்

அவையோருக்கு வணக்கம்.

கென்னடி என்றதும் நம் நினைவுக்கு வரும் அதிபரின் குடும்பத்துக்கும் இவருக்கும் தொடர்பில்லை. தாமஸ் கென்னடி 1776-இல் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லியில் பிறந்தவர். இளைஞராக அமெரிக்கா போய், மேரிலாந்து மாநிலத்தின் மேற்கே வாஷிங்டன் கவுன்டியில் (கவுன்டி என்றால் நம் மாவட்டம் போல) தங்கிவிட்டார். அமெரிக்க அதிபராக இருந்த ஜெபர்சனின் ஆதரவாளர், கவிதையும் எழுதினார். 1817-இல் மாநிலப் பிரதிநிதிகள் அவைக்குத் தேர்வானார். கவுன்டிக்கு 4 பேர், அனாபொலிஸ், பால்டிமோர் நகரங்களுக்குத் தலா 2 பேர் என 80 பேர் கொண்ட அவை அது.

அவர் கையில் எடுத்த பிரச்சினை இதுதான். மேரிலாந்தின் 1776 அரசமைப்புப்படி, பொறுப்போ ஊதியமோ உள்ள எந்தப் பதவியில் அமர்பவரும் கிறிஸ்தவ மதத்தில் நம்பிக்கை உண்டென்று உறுதிமொழி தர வேண்டும். சத்தியம் செய்ய மறுக்கும் கிறிஸ்தவப் பிரிவினரான குவேக்கர்களுக்கு அதே அரசமைப்பு மாற்று வழி வைத்தது, யூதருக்கு வைக்கவில்லை. நாடு முழுவதற்குமான கூட்டாட்சி அரசமைப்போ, பதவிக்கு வருபவரின் மதத்தைக் கேட்கும் மதச் சோதனையை அடியோடு விலக்கியிருந்தது. ஆகவே ரூபன் எட்டிங் என்ற யூதரை 1801-இல் ஜெபர்சன் மேரிலாந்துக்கான கூட்டாட்சி மார்ஷலாக, அதாவது நடுவண் அரசின் சட்ட அமலாக்க அதிகாரியாக, நியமிக்க முடிந்தது. அதே மனிதர் மாநிலப் பதவி எதையும் ஏற்றிருக்க முடியாது! 1797-இலேயே சாலமன் எட்டிங் முதலானோர் விண்ணப்பம் கொடுத்தார்கள். பலனில்லை.

யூதருக்கும் மாநிலப் பதவிகளைத் திறந்துவிட 1818-இல் கென்னடி மசோதா கொண்டுவந்தார். தன் கவுன்டியில் யூதர் எவரும் இல்லை, உலகில் எந்த யூதரோடும் தனக்குப் பழக்கமில்லை என்று அவையிலேயே சொன்னார். அவருக்கு இதில் ஒரு வாக்கும் கிடைக்கப் போவதில்லை என்பதை நாம் மறக்கக் கூடாது. 1819 ஜனவரியில் 24க்கு 50 என்று மசோதா தோற்றது.

இங்கே நடைமுறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தடங்கலெல்லாம் அதில்தான் இருக்கிறது. மேரிலாந்து அரசமைப்பின் 59-ஆம் பிரிவுப்படி, திருத்த மசோதா முதலில் இரு அவைகளிலும் நிறைவேற வேண்டும். அடுத்து, புதிய தேர்தலுக்குக் குறைந்தது மூன்று மாதம் முன்பே அதை அச்சிட்டு வெளியிட வேண்டும். அந்தத் தேர்தலுக்குப் பின் கூடும் முதல் கூட்டத்தொடரில் புதிய உறுப்பினர்கள் அதை மறுபடி உறுதி செய்தால்தான் செல்லும். பிரதிநிதிகள் அவைக்கோ ஆண்டுதோறும் அக்டோபரில் தேர்தல். ஆதரித்து வாக்களித்தவர், அந்த வாக்கு ஊரெங்கும் பேசப்படும்போதே மக்கள் முன் போய் நிற்க வேண்டும்.

1822 டிசம்பரில் கூடிய கூட்டத்தொடரில் மசோதா இரு அவைகளிலும் நிறைவேறியது. 1823 தேர்தலில் வாஷிங்டன் கவுன்டியில் பெஞ்சமின் கேலவே என்பவர் 'கிறிஸ்தவ அணி' என்று பெயர் வைத்துப் போட்டியிட்டார். கென்னடி தோற்றார். மற்ற கவுன்டிகளிலும் ஆதரித்தவர் பலர் இடமிழந்தார்கள். புதிய அவை உறுதி செய்ய மறுத்தது. பாதி வழி வந்த மசோதா முழுவதும் செத்தது. இனி முதல் படியிலிருந்தே தொடங்க வேண்டும்.

பின்வாங்கியிருந்தால் எவரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அவர் மீண்டும் நின்று அவைக்குத் திரும்பினார். 1825 பிப்ரவரி 26, கூட்டத்தொடரின் கடைசி நாள். 80 பேரில் பலர் ஊருக்குப் போய்விட்டிருந்தார்கள். வாக்களித்தவர் 51 பேர்: ஆதரவு 26, எதிர்ப்பு 25. ஒருவர் மாறியிருந்தால் இன்னொரு ஆண்டு வீண். தேர்தல் முடிந்து, 1826 தொடக்கத்தில் புதிய அவை அதை உறுதி செய்தது. அந்த ஆண்டே சாலமன் எட்டிங்கும் ஜேக்கப் கோஹனும் பால்டிமோர் நகர மன்றத்துக்குத் தேர்வானார்கள். கென்னடி 1832-இல் ஹேகர்ஸ்டவுனில் காலராவால் இறந்தார்.

அவர் பெற்றுத்தந்ததன் அளவையும் சொல்லிவிட வேண்டும். அந்தச் சட்டம் மதச் சோதனையை நீக்கவில்லை. கிறிஸ்தவ உறுதிமொழிக்குப் பதில், மறுமையில் நன்மை தீமைக்குப் பலன் உண்டென்று நம்புவதாக யூதர்கள் அறிவித்தால் போதும் என்றது. எந்த நம்பிக்கையும் இல்லாதவருக்குக் கதவு மூடியே இருந்தது. கடவுள் நம்பிக்கையை அறிவிக்காததால் நோட்டரி பதவி மறுக்கப்பட்ட ராய் டோர்கசோவின் வழக்கில், 1961-இல்தான் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மேரிலாந்தின் அந்த நிபந்தனை செல்லாது என்றது.