விலைக்குப் பின்னால் இருப்பவர்கள்

நேயர்களுக்கு வணக்கம். வணிகச் செய்தி எழுதிக்கொண்டிருந்தவன் புத்தகம் எழுத வந்த கதையைச் சொல்லும்படி தருமபுரி வானொலி நிலையத்தார் கேட்டிருக்கிறார்கள்.

நாளிதழில் இருந்த காலத்தில், மாம்பழப் பருவம் தொடங்கினால் எனக்குக் கிருஷ்ணகிரியில்தான் வேலை. மாங்கூழ் ஆலைகள் பெங்களூரா ரக மாங்காய்க்கு என்ன விலை தருகின்றன என்பதே செய்தி. விவசாயிகள், ஆலைக்காரர்கள், அதிகாரிகள் உட்காரும் முத்தரப்புக் கூட்டம் முடிந்ததும் 200 சொல்லில் எழுதி அனுப்ப வேண்டும். அதற்கு மேல் இடம் கிடையாது. இடம் இருந்தாலும் விளம்பரம் வந்து விழுங்கிவிடும்.

அந்த 200 சொல்லுக்குள் அடங்காதவர்கள் என் நோட்டில் சேர்ந்துகொண்டே போனார்கள். பூ விடும்போதே தோப்பைக் குத்தகைக்கு எடுத்தவர், அவருக்கு முன்பணம் கொடுத்த மண்டிக்காரர், போன பருவத்துக் கூழ் விற்காமல் கிடப்பதால் புதிதாக வாங்கத் தயங்கும் ஆலைக்காரர், அதை இறக்குமதி செய்யும் வளைகுடா வியாபாரி. விலை இறங்கினால், பறிகூலிக்கே கட்டாது என்று காயை மரத்திலேயே விட்டுவிடுகிறார்கள். 'விலை சரிந்தது' என்பதோடு செய்தி முடிந்துவிடும். ஏன் சரிந்தது என்று சொல்ல இந்த நால்வரையும் ஒன்றாக உட்கார வைத்தாக வேண்டும். அதற்குப் புத்தகம்தான் தோதுப்பட்டது.

இந்த வழியில் எனக்கு முன்பே போனவர்கள் உண்டு. 1992 ஏப்ரலில் பங்குத் தரகர் ஹர்ஷத் மேத்தாவின் பங்குப் பத்திர மோசடியை டைம்ஸ் ஆஃப் இந்தியாவில் வெளிக்கொண்டுவந்த சுசேதா தலால், அடுத்த ஆண்டே தேபாஷிஸ் பாசுவுடன் சேர்ந்து அதைப் புத்தகமாக்கினார். வங்கிகளுக்கு இடையே பணம் எந்த ஓட்டை வழியாகக் கசிந்தது என்பதை அன்றாடச் செய்தியில் எவ்வளவுதான் விளக்க முடியும்?

பழைய தொழில் கற்றுத்தந்த ஒரு பழக்கம் எனக்கு இன்றும் சோறு போடுகிறது. ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் உள்ள எந்த நிறுவனத்தின் ஆண்டறிக்கை கைக்கு வந்தாலும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பேன். தலைவர் உரை முன்னால் வழவழப்பான தாளில் இருக்கும். நிலுவையில் உள்ள வழக்கும், உறவினர் கம்பெனியுடனான கொடுக்கல் வாங்கலும் பின்னால் பொடி எழுத்தில் இருக்கும். விட வேண்டியிருந்த பழக்கம், எல்லாவற்றையும் முதல் வரியிலேயே கொட்டிவிடுவது. அப்படி எழுதினால் இரண்டாம் பக்கத்தை யார் புரட்டுவார்கள்?

வருமானத்தைக் கேட்காமல் விடமாட்டீர்கள். தமிழில் ராயல்டி பொதுவாக 10 சதவீதம். 300 ரூபாய்ப் புத்தகம் 1,000 பிரதி விற்றால் கைக்கு வருவது 30,000 ரூபாய், அதுவும் பதிப்பாளர் நல்லவராக இருந்தால். ஆகவே மாதச் சம்பளம் வரும்போதே எழுதத் தொடங்குங்கள் என்றுதான் இளைய செய்தியாளர்களிடம் சொல்கிறேன்.

இப்போது புளி பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். நம் பக்கத்தில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கொட்டை எடுக்கும் பெண்களுக்குக் கிலோ கணக்கில் கூலி. அதே புளி குளிர்பதனக் கிடங்குக்குப் போய், விலை ஏறிய பிறகு வெளியே வருகிறது. இடையில் ஏறும் அந்தப் பணம் யார் கைக்குப் போகிறது என்று மண்டி மண்டியாக விசாரித்துக்கொண்டிருக்கிறேன். வணக்கம்.