ஏன் 12 இல்லை, 11?

நண்பர்களே, யூத வீடுகளில் தகப்பனார் இறந்தால், மகன் நாள்தோறும் ஜெப ஆலயத்தில் கத்தீஷ் என்ற பிரார்த்தனையைச் சொல்வான். 11 மாதம். ஏன் 12 இல்லை? கெஹின்னோம் என்கிற நரகத்தில் பாவிகளுக்குத் தண்டனை 12 மாதம் என்கிறது யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா. மகன் 12 மாதமும் ஓதினால், "என் அப்பா முழுப் பாவி" என்று அவனே ஊரறியச் சொன்னதாகிவிடும் அல்லவா? அதனால் ஒரு மாதம் முன்பே நிறுத்திவிடுகிறான்.

இந்தக் கத்தீஷில் சாவைப் பற்றி ஒரு சொல்கூடக் கிடையாது. முழுக்க இறைவனின் புகழ்தான். அப்புறம் எப்படி அது இறந்தவர்களுக்கு உரியதாயிற்று? இடைக்கால ஐரோப்பிய யூதர்கள் ஒரு கதை சொல்லிவந்தார்கள்.

கரியாய்க் கறுத்த ஒருவன் தலையில் விறகுச் சுமையோடு குதிரைபோல ஓடுவதைப் பழங்கால யூத அறிஞர் ரப்பி அகிவா பார்த்தார். நிறுத்தி விசாரித்தார்.

"ஐயா, நான் செத்தவன். தினம் நான் பொறுக்குகிற விறகில்தான் தினமும் என்னை எரிக்கிறார்கள்."

உயிரோடிருந்தபோது அவன் வரி வசூலித்தவன். பணக்காரர்களை விட்டுவிட்டு ஏழைகளைக் கசக்கியவன். அவனுக்கு ஒரு மகன் இருந்து, அவன் சபையில் நின்று இறைவனைப் புகழ்ந்து, சபை மறுமொழி சொன்னால் விடுதலை உண்டாம். ஆனால் கர்ப்பிணி மனைவியை விட்டுவிட்டுச் செத்தவன், என்ன குழந்தை பிறந்தது என்றே தெரியாது.

அகிவா தேடிப் போனார். தகப்பன் பெயரைச் சொன்னதுமே ஊரார் சபித்தார்கள். மகன் இருந்தான், ஆனால் ஓர் எழுத்தும் ஏறவில்லை. அகிவா 40 நாள் உபவாசம் இருந்து அவனுக்குக் கற்பித்தார். பையன் சபையில் நின்று ஓதினான். கவனியுங்கள், சபித்த அதே ஊர்தான் மறுமொழியும் சொல்ல வேண்டியிருந்தது! செத்தவன் அகிவாவின் கனவில் வந்து நன்றி சொன்னான்.

மறுபிறவி? அதுவும் உண்டு, கில்குல் என்று பெயர். 10ஆம் நூற்றாண்டில் யூத அறிஞர் ஸாதியா காவோன் அதை மடத்தனம் என்று தள்ளினார். 16ஆம் நூற்றாண்டில் கலிலேயாவின் சபேத் ஊரில் யூத மறைஞானி ஈசாக் லூரியாவும் சீடர் ஹயிம் விட்டாலும் அதைப் பெரிய சாத்திரமாகவே வளர்த்தார்கள். போக்கிடமில்லாத ஆவி உயிரோடிருப்பவர் உடலில் ஒட்டிக்கொண்டால் அது திப்புக். அந்தக் கதைகளுக்கு ஓர் இரவு போதாது, இன்று விட்டுவிடுகிறேன்.

சரி, விறகு சுமப்பவர்களிடமே திரும்புவோம். அவர்களுக்கும் வாரம் ஒரு நாள் விடுமுறை உண்டு. யூதர்களின் ஓய்வுநாளான சனிக்கிழமை கெஹின்னோமில் தண்டனை கிடையாது. அன்று மாலை ஜெபம் முடிந்ததும் ஆன்மாக்கள் திரும்பியாக வேண்டும். அதனால் அந்த ஜெபத்தை இழுத்து இழுத்துச் சொல்கிற வழக்கம் இருந்தது. மேலே எவ்வளவு நேரம் பாடுகிறார்களோ, அவ்வளவு நேரம் கீழே அடுப்பு பற்றாது.