அடங்காத பிள்ளைகளும் கேமராவும்

அனைவருக்கும் வணக்கம்.

டிவி தொடர்களில் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளை ஒன்று வந்தால், கொஞ்ச நேரத்தில் அது ஒரு கதவைப் படாரென்று சாத்தும். அந்த நேரத்தில் கேமரா எங்கே நிற்கிறது என்று கவனித்துப் பாருங்கள். பெரும்பாலும் வெளியே, அம்மா அப்பாவோடு நிற்கும். அம்மாவின் முகம் வாடுவது தெரியும், அப்பா கையைப் பிசைவது தெரியும். உள்ளே போன பிள்ளை அழுகிறதா, தூங்கிவிட்டதா என்று நமக்குத் தெரியாது. எழுதியவருக்கும் தெரியாது என்பது என் சந்தேகம். பிள்ளை அடங்கவில்லை என்றுதான் கதை தொடங்குகிறது. ஆனால் முக்கால்வாசித் தொடர்களில் அது பெற்றோர் படும் பாட்டைச் சொல்லும் கதையாக மாறிவிடுகிறது.

இதற்கு எழுத்து வேலையிலேயே ஒரு காரணம் இருக்கிறது. கதை தேங்கி நிற்கும்போது யாராவது ஒருவர் புத்தியில்லாமல் எதையாவது செய்தாக வேண்டும். பெரியவர்கள் செய்தால் ஏன் செய்தார்கள் என்று விளக்க வேண்டியிருக்கும். பதினாறு வயதுப் பிள்ளை செய்தால் விளக்கமே வேண்டாம், வயசு அப்படி என்று விட்டுவிடலாம். எங்கேயும் போகாதே என்று சொன்ன ராத்திரியில்தான் அது ஜன்னல் வழியாக இறங்கிப் போகும். அப்புறம் விபத்து, போதை, போலீஸ், இல்லையென்றால் கர்ப்பம். கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டில், கண்ணீர், சமாதானம். அந்தப் பிள்ளை எதை எதிர்த்து வீட்டைவிட்டுப் போனது என்ற கேள்வி அந்தக் கட்டிலோடு மறந்துபோகும்.

அடுத்தது, யார் நடிக்கிறார்கள் என்பது. 1990இல் தொடங்கிய 'பெவர்லி ஹில்ஸ், 90210' அமெரிக்கத் தொடரில், முரட்டுப் பையன் டிலனாக வந்த லூக் பெர்ரிக்கு 24 வயது. பள்ளி மாணவி ஆண்ட்ரியாவாக வந்த கேப்ரியல் கார்டெரிஸுக்கு 29. இதற்கு நடைமுறைக் காரணம் உண்டு. பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களை நாள் முழுக்கப் படப்பிடிப்பில் நிறுத்திவைக்க முடியாது. படிப்புக்கு நேரம் ஒதுக்க வேண்டும், வேலை நேரத்துக்கு வரம்பு உண்டு. ஆகவே வயது வந்தவரையே போட்டுவிடுகிறார்கள். அதனால் என்ன ஆகிறது? பதினாறு வயதுக்காரர் எதிர்த்துப் பேசும்போது குரல் உடையும், வார்த்தை தடுக்கும், பாதியில் அழுகை வந்துவிடும். இருபத்தைந்து வயதுக்காரர் அதே வசனத்தைத் தீர்மானமாகச் சொல்வார். பார்க்கிற பெற்றோருக்கு அது திமிராகப்படும். பார்க்கிற பிள்ளைக்கோ, தனக்கு மட்டும் ஏன் இப்படிப் பேச வரவில்லை என்று தோன்றும்.

இதற்கு நேர்மாறான ஒரு தொடர், 1994இல் வந்த 'மை ஸோ கால்டு லைஃப்'. நாயகி ஏஞ்சலாவாக நடித்த கிளேர் டேன்ஸ் முதல் எபிசோடு எடுத்தபோது நிஜமாகவே பதின்மூன்று, பதினான்கு வயதுப் பெண். ஏஞ்சலா செய்த முதல் கலகம் தலைமுடிக்குச் சிவப்புச் சாயம் பூசிக்கொண்டது. அவ்வளவுதான்! ஆனால் அது வீட்டையே கலக்குகிறது. கதையை அவளே தன் குரலில் சொல்வதால், அம்மாவைக் கஷ்டப்படுத்துகிறோம் என்பது அவளுக்கே தெரிகிறது என்பதும் நமக்குத் தெரிகிறது. டேன்ஸ் பள்ளி வயதுப் பெண் என்பதால் அவரை அதிக நேரம் நடிக்கவைக்க முடியவில்லை. அதனால் அம்மா, அப்பா, தோழிகள் என்று மற்றவர்களுக்கும் கதை எழுதவேண்டி வந்தது. அந்தக் கட்டாயமே தொடருக்கு நல்லதாகிவிட்டது: பெண்ணுக்கும் ஒரு நியாயம் இருந்தது, அம்மாவுக்கும் ஒரு நியாயம் இருந்தது. தொடர் 19 எபிசோடுகளோடு நின்றுவிட்டது, அது வேறு கதை.

1999இல் வந்த 'ஃப்ரீக்ஸ் அண்ட் கீக்ஸ்' இன்னொன்று. லிண்ட்சே கணக்கில் கெட்டிக்காரி, பள்ளிக் கணிதப் போட்டிக் குழுவில் இருந்தவள். திடீரென்று பழைய ராணுவ ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, வகுப்புக்கு மட்டம் போடும் கூட்டத்தோடு சேர்கிறாள். கூடாத சகவாசம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஆனால் அவளுடைய பாட்டி செத்துப்போகும்போது அவள்தான் பக்கத்தில் இருந்தாள். எதிரே ஏதாவது தெரிகிறதா என்று கேட்டதற்கு, ஒன்றுமே இல்லை என்று பாட்டி சொன்னாள். நல்லவளாகவே வாழ்ந்த பாட்டிக்கே அதுதான் மிச்சம் என்றால், தான் நல்ல பெண்ணாக இருந்து என்ன ஆகப்போகிறது என்று லிண்ட்சேவுக்குப் படுகிறது. இதை அவள் தன் தம்பியிடம்தான் சொல்கிறாள், அப்பா அம்மாவிடம் அல்ல. அந்த ஒரு காட்சி போதும், ஜாக்கெட்டுக்கு வேறு அர்த்தம் வந்துவிடுகிறது.

இங்கே ஓர் ஆராய்ச்சியையும் சொல்ல வேண்டும். மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் என்ற இரு உளவியலாளர்கள் 2005இல் வெளியிட்டது. கணினியில் கார் ஓட்டும் விளையாட்டு ஒன்றைப் பல வயதினருக்குக் கொடுத்தார்கள், தனியாகவும் நண்பர்கள் பக்கத்தில் இருக்கும்போதும். கூட்டாளிகள் இருக்கும்போது பதின்வயதினர் எடுத்த ஆபத்து வெகுவாகக் கூடியது. பெரியவர்களிடம் அப்படி மாற்றம் இல்லை. ஆனால் தொடர்களில் நமக்குக் காட்டப்படுவது தனித்த புரட்சிக்காரன்: இருட்டில் சிகரெட்டோடு ஒற்றை ஆளாக நிற்பவன். பார்க்க ஆள் இல்லாத இடத்தில் எந்தப் பதினைந்து வயதுப் பையன் மதில் ஏறிக் குதிப்பான், சொல்லுங்கள்?

ஆண், பெண் வேறுபாட்டைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை, உங்களுக்கே தெரியும். பையன் அடங்காவிட்டால் அது கோபம், அடிதடி. பெண் அடங்காவிட்டால் அது உடை, காதல். பெண்பிள்ளைக்கு அரசியல் கோபமோ, வேறு நியாயமான கோபமோ இருக்கலாம் என்பதே பலருக்கு உறைப்பதில்லை. உறைத்தவர்களும் உண்டு. 'மேட் மென்' தொடரில் (2007–2015) ஸேலி என்ற சிறுமி தன் தலைமுடியைத் தானே வெட்டிக்கொள்கிறாள், தனியாக ரயிலேறி அப்பாவின் அலுவலகத்துக்கு வந்து நிற்கிறாள். பெரியவர்களுக்கு அது சேட்டை. தொடரைப் பார்க்கிற நமக்கு, அந்த வீட்டில் பொய் சொல்லாத ஒரே ஆள் அவள்தான் என்பது கொஞ்சம் கொஞ்சமாகப் புரிகிறது. நடித்த கீர்னன் ஷிப்காவும் தொடரோடு சேர்ந்தே வளர்ந்தார். ஏழு வயதில் வந்தவர் பதினைந்தில் முடித்தார். அதனால் எதுவும் செயற்கையாகத் தெரியவில்லை.

சரி, கேமராவைக் கதவுக்கு உள்ளே கொண்டுபோய்விட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? ஆகாது. 2007இல் பிரிட்டனில் வந்த 'ஸ்கின்ஸ்' தொடரை பிரையன் எல்ஸ்லியும் அவர் மகன் ஜேமி பிரிட்டனும் உருவாக்கினார்கள். எழுத்துக் குழுவில் இளைஞர்களையே சேர்த்தார்கள். பிள்ளைகள் உயிரோடு வந்தார்கள். ஆனால் பெற்றோர்களும் ஆசிரியர்களும் பல இடங்களில் கேலிச்சித்திரமாகிவிட்டார்கள். எதிர்ப்பதற்கு எதிரே ஓர் ஆள் வேண்டுமே! எதிரே நிற்பவர் கோமாளியாக இருந்தால், பிள்ளையின் கோபத்துக்கு என்ன மதிப்பு?

இப்படிப்பட்ட தொடர்கள் பிள்ளைகளைக் கெடுக்கின்றனவா என்று கேட்பீர்கள். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பதில் கிடையாது. ஆனால் காட்டும் விதம் முக்கியம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. '13 ரீசன்ஸ் வை' தொடரில் ஒரு மாணவியின் தற்கொலையைக் காட்டிய விதத்தை மனநல மருத்துவர்கள் கடுமையாகக் கண்டித்தார்கள். அது வந்து இரண்டு வருஷம் கழித்து, 2019இல் நெட்ஃப்ளிக்ஸ் அந்தக் காட்சியை நீக்கியது. மருத்துவர்கள் சொன்னதை முதலிலேயே கேட்டிருக்கலாம்.

2025இல் வந்த 'அடலெஸன்ஸ்' தொடரைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அதில் பதின்மூன்று வயது ஜேமி எதிர்த்துப் பேசுகிறவன் இல்லை, வீட்டைவிட்டு ஓடுகிறவனும் இல்லை. தன் அறையில் கணினியோடு இருந்தவன். அறைக்குள்தானே இருக்கிறான், பத்திரமாகத்தான் இருப்பான் என்று பெற்றோர் நம்பினார்கள். அவன்மீது வந்தது கொலைக் குற்றச்சாட்டு. சத்தம் போடும் பிள்ளையை மட்டுமே ஆபத்தானதாகக் காட்டிப் பழகிய தொடர்களுக்கு நடுவே இது எனக்குப் பெரிய வித்தியாசமாகப் பட்டது. ஒவ்வொரு எபிசோடும் வெட்டில்லாமல் ஒரே ஷாட்டில் எடுக்கப்பட்டது என்பதால், மூன்றாவது எபிசோடில் உளவியலாளர் எதிரே அவன் உட்கார்ந்திருக்கும்போது, நாமும் எழுந்து போக முடிவதில்லை. அவன் சிரிக்கிறான், கெஞ்சுகிறான், திடீரென்று கத்துகிறான். ஜேமியாக நடித்த ஓவன் கூப்பருக்கு அதற்கு முன் கேமரா முன்னால் நடித்த அனுபவமே இல்லை. பதினைந்து வயதில் எம்மி விருது வாங்கினார்.

எழுதுகிறவர்கள் சிலர் வந்திருக்கிறீர்கள். உங்களிடம் எனக்கு ஒரு ஆசை உண்டு. எதிர்த்துப் பேசிவிட்டு, விபத்தில் அடிபடாமல், திருந்தாமல், கடைசிவரை தான் சொன்னதே சரி என்று நிற்கும் ஒரு பிள்ளையை எழுதுங்கள். சில நேரம் அது சொன்னது சரியாகவே இருக்கட்டும். அப்பாவும் நல்லவராகவே இருக்கட்டும். எழுதுவது கஷ்டம்தான்.

பின்வரிசையில் பள்ளிப் பிள்ளைகள் சிலரைப் பார்க்கிறேன். முதல் கேள்வியை நீங்களே கேளுங்கள், மைக் அந்தப் பக்கம் வரும்.