கேரன் மூயருக்கு ஒலிம்பிக் பதக்கம் ஏன் இல்லை?

டர்பனின் பீனிக்ஸ் பகுதியிலிருந்து ஒரு சகோதரி அனுப்பிய கேள்வி இரண்டு நாட்களாக என்னை விடவில்லை. நம் தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி நகர நீச்சல் வீராங்கனை கேரன் மூயர் 15 உலக சாதனைகள் படைத்தவர் என்று சென்ற உரையில் கூறினீர்களே, ஒலிம்பிக் பதக்கம் ஒன்றுகூட இல்லையே, முக்கியமான நாளில் சோர்ந்துவிட்டாரா என்று கேட்டிருக்கிறார்.

சோரவில்லை அம்மா, அவர் அங்கே நீந்தவே வழியில்லாமல் போயிற்று. 1965 ஆகஸ்டில், இங்கிலாந்தின் பிளாக்பூல் நகரில், 13 வயது நிரம்பாத அச்சிறுமி 110 கெஜ மல்லாந்து நீச்சலை 68.7 விநாடிகளில் முடித்து உலக சாதனை படைத்தார். மல்லாந்து நீந்துபவருக்குச் சுவர் கண்ணில் படாது, குளத்துக்கு மேலே குறுக்காகக் கட்டிய கொடிகளைக் கண்டதும் கைவீச்சை எண்ணித்தான் திரும்ப வேண்டும் என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். ஆனால் நிறவெறிக் கொள்கையின் காரணமாக 1964 முதலே நம் நாட்டுக்கு ஒலிம்பிக் வாசல் அடைபட்டிருந்தது. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் கலந்துகொள்ள நமக்குக் கிடைத்த அனுமதியும், பல நாடுகள் வரமாட்டோம் என்றதும் திரும்பப் பெறப்பட்டது. அங்கே பெண்களுக்கான 200 மீட்டர் மல்லாந்து நீச்சலில் தங்கம் வென்றவர் எடுத்துக்கொண்டது 2 நிமிடம் 24.8 விநாடி, அதே ஆண்டு ஜூலையிலேயே கேரன் 2 நிமிடம் 23.8 விநாடியில் நீந்தியிருந்தார். நான் எப்போதும் சொல்வதுதான்: சாதனைக்குக் கடிகாரம் போதும், பதக்கத்துக்கு அழைப்பும் வேண்டும்.

பின்னர் அவர் மருத்துவம் படித்து மருத்துவராகப் பணியாற்றி, 2013-இல் காலமானார். அவருக்காக வருந்துகிறேன், ஆனால் அந்தத் தடை தவறென்று ஒருபோதும் சொல்லமாட்டேன்.

ஏனெனில் அதே ஆண்டுகளில் டர்பனில், வெள்ளையருக்கென்றே இருந்த ஒரு குளத்தின் கம்பிவேலியில் நெற்றியை அழுத்தியபடி நானும் அக்காவும் நின்றிருக்கிறோம். "கையை எப்படி வீசுகிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள், ஆற்றில் பழகலாம்" என்பார் அப்பா. வீடு திரும்பியதும் நெற்றியில் பதிந்த கம்பித் தடத்தில் அம்மா தேங்காயெண்ணெய் தடவுவார். வழக்கமாகக் கேட்பவர்களுக்கு இது பழைய கதைதான். கேரனுக்கு அழைப்பு வரவில்லை, அக்காவுக்கோ கடிகாரமே வரவில்லை. ஆற்றில் என்னையும் பக்கத்து வீட்டுப் பையன்களையும் அவள் எப்போதும் முந்துவாள். எத்தனை விநாடியில் என்று நீங்கள் கேட்டிருக்கலாம், சகோதரி. கரையில் நின்றிருந்த எங்கள் எவரிடமும் கைக்கடிகாரம் கிடையாது.